புழு புழுவாகவே இருந்தால்?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிக்கும் கொசு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தப் பகலில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? நம் வகுப்பறையில்தான். மழைக்காலம் தொடங்கியதும் வருகைப் பதிவேட்டில் தொடர்ச்சியாக விழும் விடுப்புக் குறிகளைப் பார்க்கும் எந்த ஆசிரியருக்கும் இது புரியும். ஆகவே கொசு ஒழிப்பு என்பது சுகாதாரத் துறையின் வேலை, நமக்கு அதில் ஒரு விழிப்புணர்வுப் பேரணி மட்டும்தான் என்று இருந்துவிட முடியாது.

பேரணியில் நாம் பிடிக்கும் பதாகைகளில் இல்லாத ஓர் அறிவியல் இதற்குள் இருக்கிறது. உயர்நிலை வகுப்புகளில் ஹார்மோன்களையும் செரிமான நொதிகளையும் தனித்தனிப் பாடங்களாக, பெரும்பாலும் மனித உடலை வைத்தே நடத்துகிறோம். பூச்சிக்கும் ஹார்மோன் உண்டு, பூச்சியின் குடலிலும் டிரிப்சின் சுரக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் வியப்போடு நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த வியப்பைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில், இப்போது நாம் பயன்படுத்துபவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். தெருவில் அடிக்கும் புகைமருந்து, பறக்கும் கொசுவின் மேல் பட்டால் அதைக் கொல்லும். தொட்டிக்குள் நெளியும் புழுவை அது எதுவும் செய்யாது. ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த கூட்டம் பறந்து வந்துவிடும். தொட்டியில் ஊற்றும் டெமிபாஸ் புழுவைக் கொல்லும். ஆனால் இரண்டுமே நரம்பைத் தாக்கும் நஞ்சுகள். நரம்பு கொசுவுக்கு மட்டுமா இருக்கிறது? தேனீக்கும் மீனுக்கும் நமக்கும் இருக்கிறது. அதோடு, ஒரே நஞ்சைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது அதைத் தாங்கும் கொசுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்ததற்காக பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் காலத்திலேயே டி.டி.டி.க்கு அசையாத ஈக்கள் தென்படத் தொடங்கிவிட்டன.

அப்படியானால் எல்லா உயிர்க்கும் பொதுவான நரம்பை விட்டுவிட்டு, பூச்சிக்கே உரிய ஏதாவது ஒன்றில் கைவைக்க முடியுமா? இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று அது வளரும் விதம். மற்றொன்று அதன் வயிறு.

வளர்ச்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். பூச்சியின் தோல் நம் தோலைப் போல விரியாது. அது பெரிதாக வேண்டுமானால் பழைய தோலை உரித்தே ஆக வேண்டும். கொசுப்புழு நான்கு பருவங்களைக் கடந்து கூட்டுப்புழுவாகி, பிறகு கொசுவாகிறது. இதை நடத்துபவை முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். எங்கள் வகுப்பில் நான் இதைப் பள்ளிக்கூட மொழியிலேயே சொல்வேன். தோலுரிப்பு ஹார்மோன் மணி அடிக்கும். மணி அடித்தால் எழுந்தே ஆக வேண்டும். ஆனால் எழுந்து எந்த வகுப்புக்குப் போவது என்று சொல்வது இளம்பருவ ஹார்மோன். அது உடலில் நிறைய இருந்தால், "நீ இன்னும் சின்னப் பிள்ளை, புழுவாகவே இரு." அது குறைந்தால்தான், "சரி, பெரியவனாகலாம்."

இதை முதலில் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வின்சென்ட் விகில்ஸ்வொர்த். 1930-களில், தென் அமெரிக்காவில் மனித ரத்தம் குடிக்கும் ரோட்னியஸ் என்ற மூட்டைப்பூச்சி வகையை வைத்து அவர் ஆராய்ந்தார். அதன் தலையைத் துண்டித்தாலும் உடல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பது அவருக்குப் பெரிய வசதியாகிவிட்டது. தலையற்ற பூச்சிகளை மெல்லிய குழாய்களால் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றின் உடல்திரவம் மற்றொன்றுக்குள் ஓடும்படி செய்தார். முதிரப் போகும் கடைசிப் பருவப் பூச்சியோடு இணைத்த முதல் பருவக் குஞ்சு, நடுவிலுள்ள பருவங்களையெல்லாம் தாண்டிக் குட்டி முதிர்பூச்சியாக மாறியது. இளம் பூச்சியோடு இணைத்த கடைசிப் பருவப் பூச்சியோ முதிராமல் மறுபடியும் இளம் உருவத்துக்கே போயிற்று. மூளைக்குப் பின்னால் இருக்கும் மிகச் சிறிய சுரப்பி ஒன்றிலிருந்து வரும் பொருள்தான் இதைத் தீர்மானிக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

1956-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸ், செக்ரோபியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் ஆண்களிலிருந்து பொன்னிற எண்ணெய் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இளம்பருவ ஹார்மோன் நிறைந்த எண்ணெய் அது. கூட்டுப்புழுவின் தோலில் அதைத் தடவினாலே முறையான அந்துப்பூச்சி வெளிவருவதில்லை. இந்த ஹார்மோனையே பூச்சிக்கொல்லியாக்கலாம், தன் சொந்த ஹார்மோனுக்கு எதிராகப் பூச்சியால் எளிதில் தப்பிக்க முடியாது என்று அவர் எழுதினார். அந்த நம்பிக்கை முழுதாகப் பலிக்கவில்லை. ஹார்மோன் போலிகளைத் தாங்கும் பூச்சிகளும் பின்னாளில் வந்தன. ஆனால் வழி திறந்துவிட்டது.

இந்த வரலாற்றில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி காகிதத்தின் கதை. 1960-களின் நடுவில் செக் நாட்டு ஆய்வாளர் காரெல் ஸ்லாமா, தன் ஊரில் ஆண்டுக்கணக்கில் வளர்த்துவந்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகளை வில்லியம்ஸின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். பிராகில் ஒழுங்காக வளர்ந்தவை ஹார்வர்டில் வளர மறுத்தன. ஐந்தாம் பருவம் முடிந்து முதிர்பூச்சியாக வேண்டியவை, ஆறாவதாக இன்னொரு இளம்பருவத்துக்குப் போய், முதிராமலே செத்தன. உணவு, தண்ணீர், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியது, வளர்ப்புக் கிண்ணத்தின் அடியில் போட்டிருந்த கைதுடைக்கும் காகிதம்! அதை எடுத்துவிட்டு வேறு வடிகட்டும் தாளைப் போட்டதும் பூச்சிகள் ஒழுங்காக வளர்ந்தன. பிறகு கைக்குக் கிடைத்த தாளையெல்லாம் சோதித்தார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் துண்டைப் போட்டால் பூச்சி முதிராது. லண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் துண்டைப் போட்டால் முதிரும். அமெரிக்கக் காகிதத்துக்குப் பயன்பட்ட பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தில், அந்தப் பூச்சிக் குடும்பத்தின் இளம்பருவ ஹார்மோனைப் போலவே செயல்படும் பொருள் இருந்ததுதான் காரணம். மரம் தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்காக வைத்திருந்த ஆயுதம், கூழாகி, காகிதமாகி, அச்சேறிய பிறகும் வேலை செய்திருக்கிறது. கட்டுப்படுத்திய சோதனை என்றால் என்ன, ஒரு மாறியை மட்டும் மாற்றுவது என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல கதை எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இயற்கையான ஹார்மோன் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். எனவே அதைப் போல நடிக்கும், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் போலிப் பொருள்களைச் செய்தார்கள். அவற்றில் மெத்தோபிரீன் 1975-இல் அமெரிக்காவில் பதிவுபெற்றது. கருத்தடை மாத்திரைக்கான ஹார்மோனை உருவாக்கிய குழுவில் இருந்த வேதியியலாளர் கார்ல் ஜெராசி நடத்திய நிறுவனத்திலிருந்து அது வந்தது. பின்னர் வந்த பைரிபிராக்சிஃபென் இன்னும் குறைந்த அளவிலேயே வேலை செய்வது. இவை கலந்த நீரில் கொசுப்புழு உடனே சாகாது. நீந்தும், தின்னும், கூட்டுப்புழுவாகவும் ஆகும். ஆனால் கூட்டிலிருந்து கொசு வெளிவராது. மருந்து போட்ட மறுநாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "புழு அப்படியே இருக்கிறதே" என்று சொல்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும்.

அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. குடிநீர்க் கலன்களில் பைரிபிராக்சிஃபென் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் பள்ளி மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. டெமிபாஸுக்கு அதே தொட்டியில் ஒரு கிராம்வரை அனுமதி. கணித ஆசிரியரோடு சேர்ந்து செய்யக்கூடிய பாடம் இது. ஆனால் இந்த மருந்துகளைப் போடுவது பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் வேலை. பள்ளியில் நாமே வாங்கி ஊற்றக் கூடாது.

பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நடந்து, 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தப் பொருளின் திறனை வேறொரு கோணத்தில் காட்டியது. ஏடிஸ் கொசு எல்லா முட்டைகளையும் ஒரே இடத்தில் இடாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பல பாத்திரங்களில் இடும். நம் கண்ணில் படாத தேங்காய்ச் சிரட்டையையும் அது கண்டுபிடித்துவிடும். ஆய்வாளர்கள், கொசு ஒளிந்து ஓய்வெடுக்கும் இருண்ட ஈரமான இடங்களில் பைரிபிராக்சிஃபென் தூளைப் பூசி வைத்தார்கள். கால்களில் தூள் ஒட்டிக்கொண்ட பெண் கொசு, முட்டையிடப் போன இடங்களுக்கெல்லாம் அதைத் தானே சுமந்துபோய்ச் சேர்த்தது. மனிதர் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நீர்நிலைகளிலும் கூட்டுப்புழுக்கள் கொசுவாகாமல் மடிந்தன.

இதையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், எங்க கத்தரித் தோட்டத்துல புழுதானே தின்னுது? அது புழுவாவே இருந்தா இன்னும் நிறையத் தின்னுமே?"

இந்த இயலின் மையமே அந்தக் கேள்விதான். கொசுவில் நமக்குத் தீங்கு செய்வது பெரியது. புழு தண்ணீரில் இருந்துவிட்டுப் போகட்டும், அது யாரையும் கடிப்பதில்லை. ஆகவே அதைப் பெரியவளாக விடாமல் வைத்தால் நமக்கு வெற்றி. கத்தரித் தண்டையும் காயையும் துளைப்பதோ அந்துப்பூச்சியின் புழு. அங்கே இளம்பருவத்தை நீட்டினால் எதிரிக்கு விருந்து வைத்ததாகும். இதையே நன்மையாகப் பயன்படுத்தும் தொழிலும் ஒன்று உண்டு, பட்டு வளர்ப்பு. கடைசிப் பருவப் பட்டுப்புழுவுக்கு மிகச் சிறிய அளவில் இளம்பருவ ஹார்மோன் போலியைக் கொடுத்தால், அது சில மணி நேரம் கூடுதலாக இலை தின்று கனமான கூடு கட்டும். எல்லாப் புழுக்களும் ஒரே நேரத்தில் கூடு கட்ட வேண்டுமானால், தாவரத்திலிருந்து எடுத்த தோலுரிப்பு ஹார்மோனை மல்பெரி இலையில் தெளிப்பார்கள். ஓசூர், தர்மபுரிப் பக்கத்து ஆசிரியர்கள் பட்டு வளர்க்கும் பெற்றோரிடம் கேட்டால் வகுப்புக்கு நல்ல செய்திகள் கிடைக்கும்.

சரி, கத்தரிப் புழுவுக்கு என்ன வழி? அங்கே மணியை நேரம் தவறி அடிக்க வேண்டும். தோலுரிப்பு ஹார்மோனைப் போல நடிக்கும் டெபுஃபெனோசைடு போன்ற மருந்துகளைத் தின்ற புழு, புதுத் தோல் தயாராகும் முன்பே உரிக்கத் தொடங்கி, தின்பதை நிறுத்தி, பாதி உரித்த நிலையில் சாகும். நம் வேம்பு இதற்கு நேர்மாறாகச் செய்கிறது. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின், தோலுரிப்பு ஹார்மோன் சுரப்பதைக் குலைக்கிறது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிப்பதில்லை. அது கசப்பால் மட்டும் பூச்சியை விரட்டுகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கும் வழக்கம் எங்கள் மாணவர்கள் பலர் வீட்டில் இருக்கிறது. மாலையில் ஏன் என்ற கேள்விக்கும் விடை அறிவியலில் இருக்கிறது: அசாடிராக்டினை வெயில் சிதைத்துவிடும்.

இனி வயிறு. பெண் கொசு மட்டும் ஏன் ரத்தம் குடிக்கிறது? அவளுக்கு வயிறு நிரம்பப் பூந்தேன் போதும். முட்டைக்குத்தான் புரதம் வேண்டும். ரத்தம் உள்ளே போனதும் நடுக்குடல் டிரிப்சினைச் சுரக்கிறது. நம் கணையம் தருகிற அதே குடும்பத்து நொதிதான். அது ரத்தப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்க, அவை முட்டைக்குப் போகின்றன. முட்டைகள் வளர்ந்ததும் செரிமானத்தை நிறுத்தச் சொல்வது யார்? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டோவ் போரோவ்ஸ்கி இதற்கு விடை கண்டார். கொசுவின் சூலகமே ஒரு ஹார்மோனைச் சுரந்து, "போதும், டிரிப்சினை நிறுத்து" என்று குடலுக்குச் சொல்கிறது. 1990-இல் அதன் அமைப்பு வெளியானது. மொத்தமே பத்து அமினோ அமிலங்கள், கடைசி ஆறும் வரிசையாகப் புரோலின். அந்தப் புரோலின் வரிசையால் அதைக் குடல் நொதிகள் எளிதில் உடைப்பதில்லை. தின்னக் கொடுத்தாலும் சிதையாமல் குடற்சுவரைக் கடந்து உடல்திரவத்துக்குள் போய்விடுகிறது.

அடுத்த அடி அழகானது. கொசுப்புழுவும் தன் உணவை டிரிப்சினால்தான் செரிக்கிறது. முட்டையிடும் தாய்க்கு உரிய அந்தச் செய்தியைப் புழுவுக்குத் தின்னக் கொடுத்தால்? போரோவ்ஸ்கியின் குழு அந்த ஹார்மோனை உருவாக்கும்படி மாற்றிய ஈஸ்ட்டையும் குளோரெல்லா என்ற பாசியையும் புழுக்களுக்கு உணவாக்கியது. அவை வயிறு நிறையத் தின்றன. செரிக்க முடியாமல் பட்டினியால் செத்தன. நம் ஊர்த் தொட்டிகளில் போடும் பொருளாக இது இன்னும் வரவில்லை. ஆனால் ஹார்மோன் பாடத்தையும் நொதிப் பாடத்தையும் ஒரே முடிச்சில் கட்ட இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

வயிற்றைத் தாக்கும் வழியில் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது ஒரு பாக்டீரியா. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையிலிருந்து பி.டி.ஐ. எனப்படும் பேசில்லஸ் வகையைப் பிரித்தெடுத்தார்கள். அது உருவாக்கும் புரதப் படிகம் அப்படியே நஞ்சல்ல. கொசுப்புழுவின் காரத்தன்மை மிகுந்த குடலில்தான் கரையும். கரைந்ததைப் புழுவின் சொந்தச் செரிமான நொதியே வெட்டி நஞ்சாக்கும். நஞ்சு குடற்சுவரில் துளையிடும். நம் இரைப்பையில் இருப்பது அமிலம், அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்தப் பாக்டீரியாவில் நம் நாட்டு வகை ஒன்றை உருவாக்கிப் பயன்பாட்டுக்குக் கொடுத்திருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கூட்டுப்புழு எதையும் தின்னாது. தொட்டியில் கூட்டுப்புழுக்கள் மட்டுமே இருக்கும்போது பி.டி.ஐ. போட்டுப் பயனில்லை.

செரிமானத்தைத் தடுக்கும் வித்தை தாவரங்களுக்குப் பழையது. 1972-இல் கிரீனும் ரயனும், வண்டு கடித்த தக்காளி, உருளை இலைகளில் மட்டுமல்லாமல் கடிபடாத மற்ற இலைகளிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் சேர்வதைக் காட்டினார்கள். நாம் பச்சையாகத் தின்னாமல் வேகவைக்கும் சோயாவிலும் தட்டைப்பயறிலும் இத்தகைய டிரிப்சின் தடுப்பான்கள் உண்டு. 1987-இல் தட்டைப்பயற்றின் தடுப்பானைப் புகையிலைச் செடிக்குள் மரபணுவாகச் சேர்த்தபோது, அதைத் தின்ற புழுக்கள் நலிந்தன. ஆனால் பல புழுக்கள் வேறு வகை நொதியைச் சுரந்து தப்பிக்கின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது. ஒரே பூட்டை எல்லா வீட்டுக்கும் மாட்டினால் திருடன் ஒரு சாவியோடு வந்துவிடுகிறான்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சோதனை. பழைய எக்ஸ்ரே படலத்தைச் சிறு பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். (டிஜிட்டல் அச்சில் வருபவை வேறு வகை, அவை உதவாது.) படலத்தின் கருமை ஜெலட்டின் என்ற புரதப் பூச்சில் இருக்கிறது. பப்பாளிக் காயைக் கீறி வரும் பாலை வெதுவெதுப்பான நீரில் கலந்து இரண்டாகப் பிரித்து, ஒன்றை மட்டும் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். இரண்டிலும் பட்டைகளைப் போட்டால், கொதிக்காத கரைசலில் கருமை கரைந்து தெளிந்த தகடு மிஞ்சும். கொதித்ததில் அப்படியே இருக்கும். கொசுவின் குடலில் டிரிப்சின் செய்யும் வேலையும், அது தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதும் கண்ணெதிரே நிற்கும். பப்பாளிப் பால் தோலை அரிக்கும், கீறுவதை ஆசிரியரே செய்வது நல்லது. வளர்ச்சிப் பகுதிக்கு, கொசுப்புழுவுள்ள நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, நாள்தோறும் எண்ணி அட்டவணை எழுதச் சொல்லலாம். துணி அவிழாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் கட்டாயம் வேண்டும்.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். 2016-இல் பிரேசிலில் சிறிய தலையோடு குழந்தைகள் பிறந்தபோது, ஜிகா வைரஸ் அல்ல, தண்ணீரில் போட்ட பைரிபிராக்சிஃபென்தான் காரணம் என்று ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு மாநிலம் அதன் பயன்பாட்டையே நிறுத்தியது. அந்த மருந்தைப் பயன்படுத்தாத ரெசிஃபி நகரிலும் அதே பாதிப்பு இருந்தது, ஆய்வில் மருந்துக்கும் பாதிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்காக இவை எந்த உயிருக்கும் ஒன்றும் செய்யாதவை என்றும் சொல்லிவிடக் கூடாது. இறாலும் நண்டும் பூச்சிகளின் உறவினர். அவற்றின் உடலிலும் இளம்பருவ ஹார்மோனை ஒத்த பொருள் உண்டு. கண்மாயிலும் இறால் பண்ணை ஓரத்திலும் இவற்றைக் கண்டபடி கொட்டினால் சேதம் வேறிடத்தில் தெரியும்.

ஏடிஸின் முட்டை, தொட்டிச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். கோடை விடுமுறையில் வெறுமையாய்க் கிடந்த தொட்டியை ஜூனில் அப்படியே நிரப்பினால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். நீரை மாற்றினால் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். எங்கள் பள்ளியில் அது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வேலை.